ஒளிக்கதிரும் கண்ணொளியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கலை நிகழ்ச்சிகளைக் காண ஆவலோடு காத்திருக்கும் உங்கள் பொறுமையை நெடுநேரம் சோதிக்க நான் விரும்பவில்லை. 'கண்புரையும் லேசர் சிகிச்சையும்' என்னும் பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். நான் மருத்துவன் அல்லேன். இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆயினும், கண் மங்கிய பெற்றோரை அழைத்துச் செல்லும் ஒரு மகனோ மகளோ மருத்துவரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல மருத்துவனாக இருக்க வேண்டுவதில்லை. அந்தத் துணிவே என்னை உங்கள் முன் நிறுத்தியிருக்கிறது.

இந்தப் பொருள் நம் சங்கத்திற்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் காலனியிலுள்ள குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். நெல்லை, தென்காசி, மதுரை என்று பல ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி இந்த இடப்பள்ளிக்கு வந்தோம். வேலை நிலைத்தபின் ஊரிலிருந்த தாய் தந்தையரையும் அழைத்துக்கொண்டோம். அவர்களுக்கு மலையாள எழுத்துத் தெரியாது. பேருந்தின் வண்ணத்தையும், கடைப் பலகையிலுள்ள படத்தையும், மூலையிலிருக்கும் மரத்தையும் அடையாளமாகக் கொண்டு அவர்கள் கோயிலுக்கும் கடைக்கும் சென்று திரும்புகின்றனர். எழுத்தறியாத ஊரில் கண்ணே அவர்களுக்கு மொழி. அந்தக் கண்ணும் மங்கிவிட்டால், அவர்கள் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். 'வயதாகிவிட்டது, இனிமேல் பார்த்து என்ன ஆகப் போகிறது?' என்று அவர்களே கூறுவர். நாமும் அதை ஒப்புக்கொண்டு விடுகிறோம். அந்த ஒப்புதலைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். ஏனெனில், கண்புரையால் மறைந்த பார்வை பெரும்பாலும் மீட்கக்கூடிய பார்வை.

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் பார்வை இழந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்க்குக் கண்புரையே காரணம். தீர்க்க முடியாத நோயால் இத்தனை பேர் இருளில் இருந்தால் விதி என்று ஆறுதல் கொள்ளலாம். தீர்க்கக்கூடிய நோயால் இருளில் இருப்பதை விதி என்று சொல்லலாகுமா?

கண்புரை என்பது யாது? நம் கண்ணின் கருவட்டத்தின் நடுவே உள்ள சிறு துளை வழியாக ஒளி உட்புகுகிறது. அத்துளைக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு சிறு உறுப்பு உண்டு, அதுவே லென்ஸ். இலத்தீன் மொழியில் இச்சொல் நம் வீட்டு அடுக்களையிலுள்ள மைசூர்ப் பருப்பைக் குறிப்பதாகும். வடிவத்தில் அதைப் போன்றிருப்பதால் இப்பெயர் பெற்றது. ஒளியைக் குவித்து, கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையில் விழச் செய்வது இதன் தொழில். வயது ஏற ஏற, இதனுள் இருக்கும் புரதம் தெளிவை இழந்து வெளுத்துப் போகிறது. முட்டையின் வெண்கரு வேகும்போது தெளிவு நீங்கி வெண்மையாவதைப் பார்த்திருப்பீர்கள்; ஏறக்குறைய அது போன்ற மாற்றம் இது. இங்குள்ள மருத்துவமனைகளில் இதைத் 'திமிரம்' என்பர். அச்சொல்லைக் கேட்டு வேறு ஏதோ நோய் என்று மயங்க வேண்டாம்.

முதுமை இதன் முதற் காரணம். நீரிழிவு, புகைபிடித்தல், ஸ்டிராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல், கண்ணில் பட்ட அடி, கடும் வெயிலில் ஆண்டுக்கணக்காக உழைத்தல் ஆகியவை இதனை விரைவுபடுத்துவன. ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் வெயிலில் நின்று துணி துவைத்து உலர்த்தும் நம் தமிழ்ச் சகோதரர்கள், தலையில் ஒரு தொப்பியும் கண்ணில் ஒரு குளிர்க்கண்ணாடியும் அணிந்துகொள்வது ஆடம்பரமாகாது, அது பாதுகாப்பு.

இங்கே சில மயக்கங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியின் மேல் படர்ந்து வளரும் சதை கண்புரை அன்று. புரை என்பது கண்ணின் மேல் மூடிய தோலும் அன்று. உரித்தெடுக்கவோ சொட்டு மருந்தால் கரைக்கவோ இயலாது. கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று நிலைநாட்டப்பட்ட ஒன்று இன்றுவரை இல்லை. மற்றொரு மயக்கம், பிறர் கண்ணை எடுத்து வைத்துத்தான் பார்வை தர வேண்டும் என்பது. திருக்காளத்தியில் தம் கண்ணை அப்பிய கண்ணப்பரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், கண் தானத்தால் பயன் பெறுவோர் கருவிழி பழுதுபட்டவர்கள். கண்புரை உள்ளவர்க்குப் பிறர் கண் தேவையில்லை. அவருடைய கண்ணில் மங்கிய லென்சை அகற்றிச் செயற்கை லென்சைப் பொருத்தினால் போதும்.

நிற்க. இச்சிகிச்சை நேற்றுத் தோன்றியதன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலிலேயே இதன் ஆதி வடிவம் கூறப்பட்டுள்ளது. கூரிய கருவியால் மங்கிய லென்சைக் கண்ணுக்குள்ளேயே ஒதுக்கித் தள்ளிவிடுவது அம்முறை. ஒளி புக வழி கிடைத்ததால் உடனே ஓரளவு பார்வை வரும். ஆனால், சீழ் பிடித்தும் அழுத்தம் மிகுந்தும் கண் அடியோடு கெட்டவர்கள் பலர். சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட் என்னும் ஆங்கிலேயர், ஊர் ஊராகத் திரிந்த நாட்டு வைத்தியர்களின் கையால் இவ்வாறு கெட்ட கண்களை ஆராய்ந்து, 1917ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் சொற்பொழிவுகளே நிகழ்த்தினார்.

அவர் பணியாற்றிய மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தோன்றியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக இன்றும் எழும்பூரில் விளங்குகிறது. அதே காலப்பகுதியில் தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் பேரார்வம் கொண்டிருந்தார். சிகிச்சை பெற்றவர்களின் கண்களைப் படமாக வரைந்து எழுதிவைத்த குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. இவ்வாறு, கண் மருத்துவத்தைப் பொறுத்தவரையில் தமிழகம் பின்தங்கிய நாடன்று.

லென்சை ஒதுக்கித் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 1747இல் பிரான்சு நாட்டின் டாவியல் கையாண்டார். ஆனால், எடுத்த லென்சுக்கு மாற்று இல்லை. ஆகவே, நோயாளி தடித்த 'சோடாபுட்டி'க் கண்ணாடியை வாழ்நாள் முழுதும் அணிய வேண்டியதாயிற்று. இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களில், உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் தைத்திருந்தன. அத்துண்டுகள் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றை வெறுத்து ஒதுக்கவில்லை என்பதை அவர் கண்டார். அதே வகைப் பொருளால் லென்சு செய்து 1949ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். தீமையே நிறைந்த போரிலிருந்து இப்படி ஒரு நன்மையும் விளைந்தது.

பின்னர் 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் மற்றொரு வழியைக் கண்டார். பல் வைத்தியர் பல்லைத் துப்புரவு செய்யும் கருவி, செவிக்குக் கேளாத மிகை ஒலியால் அதிர்வதைக் கண்ட அவர், அதே அதிர்வால் லென்சைக் கண்ணுக்குள்ளேயே பொடியாக்கி உறிஞ்சி எடுக்கலாமே என்று எண்ணினார். இதுவே 'பேக்கோ' என்று இன்று வழங்கும் முறை. கண்ணின் ஓரத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு வழி செய்தால் போதும். தையல் பெரும்பாலும் இல்லை. மடித்து உட்செலுத்தப்படும் லென்சு உள்ளே சென்று விரிந்துகொள்ளும்.

இத்தகைய வசதி எளியோர்க்கும் எட்டச் செய்த பெருமை மதுரைக்கு உரியது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணி, எழுதுகோலைப் பிடிக்கவும் இடர்ப்பட்டவர். அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, கண் அறுவையில் வல்லவரானார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு இல்லாதவர்க்கும் சிகிச்சை அளிப்பது அதன் நெறி. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து உதவியாளராக்கினார். ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடிவதற்குள் அடுத்தவர் அடுத்த மேசையில் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த செயற்கை லென்சு ஏறத்தாழ 100 டாலர் விலை பெற்ற காலத்தில், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் தொடங்கி, விலையைப் பத்தில் ஒரு பங்கு அளவிற்கு இறக்கினர். இன்று அந்த லென்சுகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. ஓய்வு பெற்றவர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணும் நம் நண்பர்கள், 58ஆம் வயதில் தொடங்கிய இந்தத் தொண்டை எண்ணிப் பார்ப்பாராக.

இனி லேசருக்கு வருவோம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கினார். சிதறாமல் ஒரே சீராகச் செல்லும் ஒளி அது. கண்ணைப் பொறுத்தவரை லேசர் என்னும் ஒரே பெயரில் மூன்று வேறு பணிகள் நடைபெறுகின்றன. இவற்றைப் பிரித்தறியாததால்தான் குழப்பம் உண்டாகிறது.

முதலாவது, மூக்குக் கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக இளைஞர்கள் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சை. இது கருவிழியின் வளைவைத் திருத்துவது. கண்புரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்கு வழிகோலிய கண்டுபிடிப்பில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசனுக்குப் பெரும்பங்கு உண்டு. புற ஊதாக்கதிர் லேசரால், சுற்றிலும் சுடாமல் திசுவை நுட்பமாக அகற்றலாம் என்பதை அவரும் அவருடைய தோழர்களும் 1981இல் கண்டனர்.

இரண்டாவது, புரை அறுவை முடிந்து சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் தேவைப்படுவது. செயற்கை லென்சைத் தாங்கும் மெல்லிய பை சிலருக்கு மங்கலாகிவிடும். 'புரை மீண்டும் வளர்ந்துவிட்டது' என்று பலர் அஞ்சுவது இதைத்தான். எடுத்த புரை மீண்டும் வளராது. யாக் என்னும் லேசரால் அந்தப் பையில் சிறு சாளரம் திறந்துவிடுவர். கத்தி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.

மூன்றாவதே இன்று விளம்பரங்களில் பேசப்படும் லேசர் புரை அறுவை. 2008இல் ஹங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்ட்டில் டாக்டர் நாகி என்பவர் இதனை முதன்முதலில் மனிதர் கண்ணில் கையாண்டார். இதன் ஒவ்வொரு துடிப்பும், ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைக்கும் கால அளவை அலகாகக் கொண்டு அளக்கப்படுவது. கணிப்பொறி கண்ணைப் படம் பிடித்துக் காட்ட, லேசர் மூன்று வேலைகளைச் செய்கிறது. கருவிழியின் ஓரத்தில் வழி திறக்கிறது. லென்சின் பையில் வட்டமான வாயிலை வெட்டுகிறது. லென்சைத் துண்டு துண்டாகப் பிளந்து வைக்கிறது.

இதன் நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. கையால் வெட்டுவதைக் காட்டிலும் வட்டம் பிசகின்றி அமைகிறது. இறுகிய புரையை முன்னமே பிளந்துவிடுவதால் மிகை ஒலியின் அதிர்வு குறைவாகப் போதும். கருவிழியின் உட்புற அணுக்கள் நலிந்தவர்க்கு இது உதவலாம். கருவிழியின் வளைவிலுள்ள சிறு கோணலையும் அப்போதே ஓரளவு திருத்தலாம்.

ஆனால், விளம்பரம் சொல்லாத பகுதியையும் நாம் அறிய வேண்டும். லேசர் பிளந்து வைத்த லென்சை வெளியே எடுப்பது லேசர் அன்று. பழைய மிகை ஒலிக் கருவியேதான். செயற்கை லென்சைப் பொருத்துவது மருத்துவரின் கைதான். கண்மணி போதிய அளவு விரியாதவர்க்கும், கருவிழியில் தழும்பு உள்ளவர்க்கும் லேசர் பல வேளைகளில் பொருந்துவதில்லை. செலவும் மிகுதி. பிரான்சு நாட்டின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வும், அதே ஆண்டில் வெளியான இங்கிலாந்து ஆய்வும் ஒன்றையே கூறின: சாதாரணப் புரை உள்ளவர்க்கு, லேசர் துணையோடு செய்ததும், லேசரின்றிப் பேக்கோ முறையில் செய்ததும் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவான பார்வையையே தந்தன. லேசர் நன்று, ஆயினும், லேசர் இன்றேல் நன்றன்று என்பது பிழை.

இதனை ஏன் இத்துணை வற்புறுத்துகிறேன்? 'செய்தால் லேசரில்தான் செய்வது. அடுத்த ஆண்டு போனஸ் வரட்டும்' என்று சொல்லி ஆண்டுகளைக் கழிப்பது அன்பு அன்று. அந்த ஓர் ஆண்டில் நம் தாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், எந்த லேசரும் அந்த நாளைத் திருப்பித் தாராது. பேக்கோ முறையிலோ, அதைவிடச் செலவு குறைந்த சிறு கீறல் முறையிலோ இம்மாதமே செய்வது, லேசருக்காக இரண்டு ஆண்டு காத்திருப்பதைவிட மேலானது. பொருள் உள்ளவரும், மருத்துவர் தக்க காரணம் காட்டப் பெற்றவரும் லேசரை நாடுவதில் குற்றமில்லை. பொருள் இல்லாதவர் தம் பெற்றோர்க்குக் குறைந்த சிகிச்சை அளித்துவிட்டதாக மனம் நோக வேண்டியதுமில்லை.

'புரை முற்றட்டும்' என்னும் பழம்பேச்சையும் இன்றோடு விட்டொழிக்க வேண்டும். லென்சை முழுதாக எடுத்த பழைய காலத்தில், முற்றிய புரையை எடுப்பது எளிதாயிருந்தது; அதனால் காத்திருக்கச் சொன்னார்கள். இன்று நிலைமை நேர்மாறு. முற்றினால் லென்சு கல்லாக இறுகும், அதைப் பொடியாக்க அதிர்வு மிகுதியாக வேண்டும், கருவிழிக்கு இன்னல். மிக முற்றினால் கண்ணுள் அழுத்தம் ஏறி, கடும் வலியோடு நரம்பே கெட்டுப்போவதும் உண்டு. அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறு செய்யத் தொடங்கும்போதே மருத்துவரிடம் செல்வதே முறை. மழைக்காலம், வெயிற்காலம் என்று பார்க்க வேண்டுவதும் இல்லை.

மருத்துவரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள். பார்வை மங்கியதற்குப் புரை ஒன்றே காரணமா, விழித்திரையும் நரம்பும் நலமாக உள்ளனவா? எந்த முறை இவர்க்குத் தக்கது, ஏன்? எவ்வகை லென்சு வைப்பீர்கள், பின்னர்ப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுமா? மருந்தும் மறுபார்வையும் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு? நாம் சொல்ல வேண்டியவையும் உள்ளன. நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை மறைக்கலாகாது. ஆண்கள் சிறுநீர்த் தடைக்காக உண்ணும் மாத்திரைகளுள் சில, அறுவையின்போது கண்மணியைச் சூழ்ந்த கருவட்டத்தைத் தளரச் செய்யும். ஆகவே அதையும் நாணாமல் கூறுக.

அறுவையின்போது பெரும்பாலும் ஊசிகூட இல்லை. சொட்டு மருந்தாலேயே மரத்துப் போகும். அன்றைக்கே வீடு திரும்பலாம். ஆனால், அதன்பின் சில வாரங்கள் நாள்தோறும் சொட்டு மருந்து விட வேண்டும். இங்கேதான் வீட்டு இளைஞர்களின் கடமை தொடங்குகிறது. மருந்து விடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. கண்ணைக் கசக்க விடாதீர். மருத்துவர் இசையும் வரை எண்ணெய் முழுக்கும் தலைக்குளியலும் வேண்டாம். வலி, மிகுந்த சிவப்பு, பார்வை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியட்டும் என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு விரைக. கிருமி தாக்கினால் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது.

தாய்மார்கள் பற்றி ஒரு சொல். நம் இல்லங்களில் தந்தையின் கண் மங்கினால் செய்தித்தாள் படிக்க முடியவில்லை என்று வீடே அறிந்துவிடும். தாயின் கண் மங்கினால், அரிசியில் கல் பொறுக்கத் தெரியவில்லை என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். 'நான் படுத்துக்கொண்டால் யார் சமைப்பது?' என்பார். ஒரு வாரம் நாம் சமைப்போம் என்று பிள்ளைகள் உறுதி கூறினால், அவர்கள் பலர் நாளையே புறப்பட்டுவிடுவர்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் வீடுதோறும் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. இன்றிரவே, வீட்டிலுள்ள முதியோரை அதன் முன் பத்தடி தள்ளி அமர்த்தி, ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண் நன்றாக இருந்தால், மற்றக் கண் மங்கியதை அவர்களே அறிந்திருக்க மாட்டார்கள். படிக்க இயலாதவர்களின் பெயரைச் சங்கத்தில் கொடுங்கள். எறணாகுளம் பொது மருத்துவமனை நமக்கு அணித்தே உள்ளது. கண் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற மருத்துவமனை அங்கமாலியில் உள்ளது. நம் இடப்பள்ளியிலேயே பெரிய மருத்துவமனை உண்டு. மொழி தெரியாத பெரியோர்க்குத் துணையாகச் செல்ல நம் இளைஞர்கள் முன்வருவாராயின், இவ்வாண்டில் நம் சங்கம் செய்த பணிகளுள் அதுவே தலையாயதாக இருக்கும்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்பது பழமொழி. கண்புரை விஷயத்தில் அப்பழமொழியையும் பொய்யாக்கலாம். மறைந்த சூரியனை மீண்டும் காட்டலாம். ஆனால் அதற்கும் ஒரு காலம் உண்டு. அதைக் கடத்தாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.